பூட்டிய மேஜையில் பதினெட்டு நாள்

பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அரசியல் துறையில் ஃபைல்களைப் பார்க்கும் எழுத்தர், எல்லோருக்கும் ஃபைலக்காதான். இருபத்திரண்டு வருடம் அதே நாற்காலி. முனைவர் பட்டம் முடித்தவர்களுக்கு ஆண்டுதோறும் இரண்டு ஆய்வுப் பணியிடம், வருகை ஆய்வாளருக்கு ஒன்று. அந்த மூன்றுக்கு இருநூறு விண்ணப்பம் வந்து குவியும். சான்றிதழைச் சரிபார்ப்பதோடு அக்கா வேலை முடிந்தது. ஆனாலும் ஆய்வுத் திட்டங்களை ஒன்றுவிடாமல் படிப்பார். "உங்களுக்கு எதுக்குக்கா இந்த வேண்டாத வேலை?" என்று தட்டச்சர் கிண்டலடிப்பார். "கதைப் புத்தகம் வாங்குற செலவு மிச்சம்ல" என்பார் அக்கா.

அப்படிப் படித்ததில் மனதில் ஒட்டிக்கொண்டவர் ஆற்றுக்காரர். அக்கா வைத்த பெயர். ஒரு சாய ஆலை ஆற்றில் கழிவை விட யார் யார் அனுமதி கொடுத்தார்கள் என்று ஊர் ஊராகப் போய்க் கேட்டு எழுதியவர். இரண்டு வருடம் விண்ணப்பித்தும் கிடைக்கவில்லை. மூன்றாம் வருடம் தேர்வுக்குழு அவர் பெயரை முதலில் எழுதியது. அக்காவுக்குத் தன் தம்பிக்கே வேலை கிடைத்ததுபோல இருந்தது. துறைத்தலைவர் கையெழுத்துப் போட்ட நியமனக் கடிதத்தை மறுநாள் காலை அனுப்பலாம் என்று மேஜைக்குள் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் விடியும்போது கணவர் குளியலறையில் விழுந்து கிடந்தார். பக்கவாதம். வலது கை, கால் வரவில்லை, பேச்சும் போய்விட்டது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியே கதி. சாவி கைப்பையில் இருந்த நினைப்பே அக்காவுக்கு இல்லை. கடிதம் போய்விட்டது என்று துறைத்தலைவர் நினைத்துக்கொண்டார்.

திரும்பி வந்து இழுப்பறையைத் திறந்தபோது கடிதம் அங்கேயே கிடந்தது. நின்றபடியே ஆற்றுக்காரருக்குப் போன் போட்டார்.

"தம்பி, நீங்க செலக்ட் ஆயிட்டீங்க."



"அக்கா... போன வாரம்தான் ஒரு வேலையில சேர்ந்தேன். வீட்ல ரெண்டாவது குழந்தை பொறந்திருக்கு. இந்தத் தடவையும் கெடைக்கலன்னு நெனச்சுட்டேன்."

"எங்க சேர்ந்தீங்க?"

"நான் எழுதின அந்தச் சாய ஆலையிலதான். சுற்றுச்சூழல் அதிகாரின்னு போட்டிருக்காங்க."

"விட்டுட்டு வந்துடுங்க தம்பி!"

"ரெண்டு வருஷத்துக்கு விட மாட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன்க்கா. வீட்டையும் இங்க மாத்தியாச்சு."

அக்கா நடந்ததை மறைக்கவில்லை. பூட்டு, சாவி, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் சொன்னார். "தப்பு என்னோடதுதான்" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் அக்கா தாங்கிக்கொண்டிருப்பார்.

"வீட்ல சாருக்கு இப்ப எப்படிக்கா இருக்கு?" என்றுதான் அவர் கேட்டார்.

 அக்கா போனை வைத்துவிட்டார்.

"விடுங்கம்மா, காத்திருப்புப் பட்டியல்ல ஆள் இருக்காங்களே" என்றார் துறைத்தலைவர். அடுத்த பெயருக்கு அன்றைக்கே கடிதம் போனது. அக்காவே கொண்டுபோய் அனுப்பிவிட்டு வந்தார்.

அந்த மாதக் கடைசியில் மதிப்பெண் ஏற்றும் பரீட்சைப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்தார். தட்டச்சர் பதறிப்போய் ஓடி வந்தார்.

"என்னக்கா, திடீர்னு?"

"அங்க வெறும் நம்பர்தான்மா," என்றார் அக்கா. "படிக்க ஒண்ணும் இருக்காது."