பத்ரிநாத்தின் அடுத்த மாடல்

சைக்கிளுக்கு மணியை மாட்டிக்கொண்டிருக்கிறார் பத்ரிநாத். சைக்கிள், மகளுக்கு யுகாதிக்கே வந்துவிட்டது. மணி, கூடை, விளக்கு மூன்றும் அதே அட்டைப்பெட்டியில்தான் வந்தன. எடுத்துப் பரணில் வைத்துவிட்டார். கூடை பிள்ளையார் சதுர்த்திக்கு இறங்கியது. மணி இன்று, ஆயுத பூஜைக்கு. விளக்கு எப்போது என்று குழந்தை கேட்டால் சங்கராந்தி என்கிறார். பிரேக்கை மட்டும் முதல் நாளே கொடுத்துவிட்டார். மனைவி அனந்தலக்ஷ்மி பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"ஒரே நாள்ல எல்லாத்தையும் குடுத்தா ஒரு நாள்தான் சந்தோஷம். பிரிச்சுக் குடுத்தா வருஷம் பூரா" என்றார் பத்ரிநாத்.

"அந்த சந்தோஷம் அவளுக்கா, உங்களுக்கா?" என்று அனந்தலக்ஷ்மி கேட்டார். அதற்கான பதிலையும் பத்ரிநாத் ஏதோ ஒரு பண்டிகைக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார் போலும்.

ஜோகுபாளையத்தில் அவர் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். அவர் கம்பெனிப் பொருளுக்குத் தமிழிலும் ஆங்கிலத்திலும் கையேடு எழுதிக் கொடுப்பதுதான் பிழைப்பு. இதை அவர் படித்தால் வீடு முதலில் போகுமா, வேலை முதலில் போகுமா என்று தெரியவில்லை. அவரை அறிந்தவரையில், இரண்டும் ஒரே நாளில் போகாது.

அந்தப் பொருளின் பெயர் கீதமணி. உள்ளங்கையில் அடங்கும் பாட்டுப் பெட்டி. உள்ளே ஆயிரக்கணக்கில் பக்திப் பாட்டு. முதல் கீதமணி பாடியது, அவ்வளவுதான். இரண்டாவதில் ரேடியோ வந்தது. மூன்றாவதில் புளூடூத். நான்காவதில், விட்ட இடத்திலிருந்து மறுபடி பாடும் வசதி. இந்த வரிசையை வகுத்தவர் பத்ரிநாத். விசிட்டிங் கார்டில் அவர் பதவி இரண்டு வரி நீளம். எதை எப்போது தரக்கூடாது என்று முடிவு செய்கிறவர் என்று ஒரே வரியில் போட்டிருக்கலாம்.

காரணங்கள் கைவசம் நிறைய உண்டு. மெமரி சிப் விலை வருஷா வருஷம்தான் இறங்குகிறது. பேட்டரியை மொத்தமாக ஆர்டர் கொடுத்தாயிற்று, தீர்க்க வேண்டும். எல்லா வசதியும் ஒரே மாடலில் வந்தால் கடைக்காரர்களிடம் பழசு தேங்கிவிடும், அடுத்த தடவை அவர்கள் சரக்கே எடுக்கமாட்டார்கள். இதில் பாதி உண்மை என்பதுதான் எரிச்சல். மீதிப் பாதியையும் அதே முகத்தோடு சொல்வார்.

ஐந்தாவது கீதமணி பேசும். பாட்டு தொடங்குமுன் அதன் பெயரைச் சொல்லும். நிருபமா என்ற இன்ஜினியர் அதற்கான புரோகிராமை எழுதி முடித்து ஒரு வருஷம் ஆகிறது. இரண்டு மாடலுக்கும் ஒரே சர்க்யூட் என்பதால், இப்போது கடையில் விற்கும் நான்காவதற்குள்ளும் அந்தக் குரல் இருக்கிறது, தூங்க வைத்திருக்கிறார்கள். எழுப்பிவிடலாமே என்று மீட்டிங்கில் நிருபமா கேட்டாள். "பத்ரி, செலவே இல்ல. நாம எதுவும் குடுக்க வேண்டாம், தடுக்காம இருந்தா போதும்."

"நாளைக்கு விக்கறதை இன்னிக்கே குடுத்துட்டா நாளைக்கு உனக்கு என்னம்மா வேலை?" என்றார் பத்ரிநாத், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்பு முடிந்தபோது மீட்டிங்கும் முடிந்திருந்தது.

சனிக்கிழமைகளில் அல்சூர் சர்வீஸ் சென்டர் கவுண்டரில் போய் உட்கார்வார். ஜனங்களின் நாடி பிடிப்பதாம். வருகிறவர்களுக்குக் காபி வாங்கித் தருவார், அரை டம்ளர். போன சனிக்கிழமை எத்திராஜ் வந்தபோது நானும் அங்கே இருந்தேன்.

எத்திராஜ் மர்பி டவுனில் ஒரு சின்ன அம்மன் கோயிலில் மைக் செட் பார்த்துக்கொள்கிறவர். விடியற்காலை அம்மனை எழுப்பும் பாட்டு, ராத்திரி நடை சாத்தும்போது தாலாட்டு, இரண்டையும் கீதமணியில் அவர்தான் போடவேண்டும். சர்க்கரை வியாதியில் கண் மங்கிக்கொண்டே வருகிறது. திரையில் பெயர் தெரிவதில்லை. பத்து நாள் முன்பு காலையில் தாலாட்டைப் போட்டுவிட்டார். எழுப்ப வேண்டிய நேரத்தில் அம்மனைத் தூங்கச் சொல்லித் தெரு முழுக்க ஸ்பீக்கர் பாடியது. கமிட்டியில் கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி ஆனால் கோயில் சாவியைக் கொடுத்துவிடச் சொல்லிவிட்டார்களாம்.

"எனக்கு வேற இன்னா இருக்குது சார். காலைல அந்தக் கதவத் தொறக்கறதுதான். எழுத்தப் பெருசு பண்ணித் தர முடியுமா?"

பத்ரிநாத் முன்னால் சாய்ந்து கேட்டார். கண்ணில் உண்மையாகவே ஒரு கலக்கம் தெரிந்தது. ஒரு நிமிஷம் நானும் ஏமாந்தேன். பெட்டியை வாங்கி இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தார். தெளிவான பெண் குரல் பாட்டின் பெயரைச் சொன்னது. அடுத்த பாட்டுக்குத் தள்ளினார், அதன் பெயரையும் சொன்னது. எத்திராஜ் காதை அருகில் கொண்டுபோனார். அவர் முகம் விரிந்ததை நான் பார்த்தேன், உள் கதவருகே நின்ற நிருபமாவும் பார்த்தாள்.

"எப்டி இருக்கு?"

"போதும் சார். இது போதும் எனக்கு."

பத்ரிநாத் அதே இரண்டு பொத்தான்களை மறுபடி அழுத்தினார். குரல் நின்றது. "யுகாதிக்கு வருது, புது மாடல். இதைக் குடுத்துட்டு மாத்திக்கலாம், உங்களுக்காக விலைல சொல்ப குறைச்சுப் போடச் சொல்றேன்."

எத்திராஜுக்குப் புரியவில்லை. "இதுலதான சார் பேசிச்சு, இப்போ?"

"அது சாம்பிள்."

யுகாதிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. மறுநாள் காலையும் கதவைத் திறக்கவேண்டிய எத்திராஜ் கையை நீட்டினார். பத்ரிநாத் உடனே கொடுத்துவிடவில்லை. சட்டைப்பையிலிருந்து கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்து, திரையில் பதிந்திருந்த விரல் ரேகைகளை மூலை மூலையாகத் துடைத்தார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, எழுத்து பளிச்சென்று தெரிகிறது என்று திருப்திப்பட்டு, இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினார்.