பத்தொன்பது நாள் பழைய கடிதம்

எர்மெலிண்டா ஹூஸ்டனுக்கு வந்து இருபத்தாறு வருஷம் ஆகியும் இங்கிலீஷ் இல்லாமலே காலத்தை ஓட்டிவிட்டாள். ஓட்டல் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை மடிப்பவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. மேஸ்திரி மெக்சிகோக்காரன், மளிகைக் கடைக்காரி குவாத்தமாலாக்காரி, கோயில் பாதிரியார் கொலம்பியாக்காரர். எல்லாரோடும் ஸ்பானிஷிலேயே பேசிக்கொள்ளலாம். ஐம்பத்து நாலாவது வயதில் அவள் நோட்டும் பென்சிலுமாக நூலகத்து வகுப்பில் போய் உட்கார்ந்ததற்குக் காரணம் அவள் மகள்.

மகளின் பெயர் டெல்மி. 1982இல், எர்மெலிண்டாவின் சொந்த நாடான எல் சால்வடாரில் உள்நாட்டுச் சண்டை மூண்டிருந்த சமயம், சிப்பாய்கள் மலையேறி வந்தபோது ஊரே காட்டுக்குள் ஓடியது. ஒன்றரை வயது டெல்மி எர்மெலிண்டாவின் தங்கை இடுப்பில் இருந்தாள். ஆற்றைக் கடக்கையில் கூட்டம் சிதறிவிட்டது. மூன்றாம் நாள் தங்கையின் உடல் கிடைத்தது. குழந்தை கிடைக்கவில்லை. சிப்பாய்கள் ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன் என்று ஒருவர் சொன்னார்.

முப்பது வருஷம் கழித்து, தொலைந்த பிள்ளைகளைத் தேடும் சங்கம் ஒன்று இருவர் எச்சிலையும் மரபணுப் பரிசோதனை செய்து டெல்மியைக் கண்டுபிடித்தது. ஓஹையோவில் ஒரு குடும்பம் தத்தெடுத்து வளர்த்திருந்தது. இப்போது அவள் பெயர் ஹெதர். மருந்துக் கம்பெனி ஒன்றில் வேலை. ஸ்பானிஷில் ஒரு சொல் தெரியாது.

முதல் நாலு கடிதங்களையும் சங்கத்துப் பெண் மொழிபெயர்த்துக் கொடுத்தாள். நாலாவதில் ஹெதர் இப்படி எழுதியிருந்தாள்: "நடுவில் இன்னொருவர் படிப்பது எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நீங்களே எனக்கு மெயில் எழுத முடியுமா? இரண்டு வரி இருந்தாலும் போதும்."

"இதுக்கு எதுக்குக்கா வகுப்பு? கம்ப்யூட்டரே மாத்திக் குடுக்குமே!" என்றாள் நொஹெமி. ஹொண்டுராஸ்காரி, கூட வேலை செய்பவள்.

"அதுவும் நடுவுல ஒரு ஆள்தானேடி," என்றாள் எர்மெலிண்டா. அப்படிச் சொன்னவள் துணைக்கு நொஹெமியையும் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

செவ்வாய்க்கிழமை காலை வகுப்பு. டீச்சர் மிஸ் பட்ரீஸ், தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், ஸ்பானிஷ் தெரிந்தவர். இன்பாக்ஸ், ரிப்ளை, சென்ட் என்று வாரத்துக்கு ஆறு சொல். 'டியர்' என்றால் அன்புள்ள என்று அவர் சொன்னதும் நொஹெமி கையைத் தூக்கினாள்.

"மிஸ், வாடகை கட்டலேன்னா வெளிய போன்னு எழுதுற வீட்டுக்காரனும் அன்புள்ள நொஹெமின்னுதான் ஆரம்பிக்கிறான். அவனுக்கு என் மேல அம்புட்டுப் பிரியமா?"

வகுப்பே சிரித்தது. எர்மெலிண்டா சிரிக்கவில்லை. அப்படியென்றால் மகள் தனக்கு எழுதும் 'டியர்' எந்த 'டியர்' என்று அவளுக்குக் கவலை வந்துவிட்டது.

வாரம் ஒரு மெயில் எழுதினாள். 'நலமா? நான் நலம். இங்கே மழை.' அதற்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். கடைசியில் கையெழுத்துப் போடும் இடம்தான் பெரும்பாடு. அம்மா என்ற சொல் இங்கிலீஷில் அவளுக்குத் தெரியும். ஆனால் வளர்த்தவள் ஒருத்தி ஓஹையோவில் இருக்கிறாளே என்று நினைத்து, ஒவ்வொரு தடவையும் பெயரை மட்டும் போட்டாள். ஹெதரும் நாலு நாளில் பதில் போட்டுவிடுவாள். அங்கே பனி, நாய்க்குக் காலில் அடி, இப்படி ஏதாவது.

செப்டம்பரில் பதில் நின்றது. "வேலை இருக்கும்க்கா," என்று நொஹெமி தேற்றினாள். எர்மெலிண்டா தான் எழுதிய கடைசி மெயிலை எடுத்து எந்தச் சொல் தப்பாகப் போயிற்று என்று அகராதியில் தேடிக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் முதல் செவ்வாயன்று மிஸ் பட்ரீஸ் 'ஸ்பேம்' என்ற சொல்லைப் பலகையில் எழுதினார். வேண்டாத மெயிலைக் கம்ப்யூட்டர் தானாகத் தள்ளிவிடும் குப்பைப் பெட்டி; முப்பது நாளில் அதுவே அழித்துவிடும். எல்லாரும் திறந்து பாருங்கள் என்றார்.

"அக்கா, எனக்கு லாட்டரி விழுந்திருக்கு! மூணு தடவை!" என்று நொஹெமி கூவினாள்.

எர்மெலிண்டாவின் பெட்டியில் ஒன்பது மெயில்கள் கிடந்தன. ஏழாவது ஹெதரின் ஆபீஸ் முகவரியிலிருந்து வந்தது. பத்தொன்பது நாள் பழையது. விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். கம்பெனி வேலையாக ஹூஸ்டன் வருகிறேன். சனிக்கிழமை பதினொரு மணிக்கு, பெரிய பூங்காவில் படகுத்துறைப் பக்கம் இருப்பேன். பச்சைக் கோட்டு போட்டிருப்பேன். முடிந்தால் வாருங்கள். கீழே டெல்மி என்று போட்டிருந்தது.

அந்தச் சனிக்கிழமை எங்கே இருந்தோம் என்பது எர்மெலிண்டாவுக்கு நன்றாக நினைவிருந்தது. கோயில் விற்பனைக்காக மதியம் வரை புபூசா என்ற சோள ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். கோயிலிலிருந்து பூங்கா இரண்டு பஸ் நிறுத்தம்.

அவள் அழவில்லை. "மிஸ், இதுக்கு என்ன எழுதணும்?" என்று மட்டும் கேட்டாள்.

மிஸ் பட்ரீஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வழக்கமா எழுதுறது ஒண்ணு இருக்கு. 'தாமதத்துக்கு வருந்துகிறேன்.' ஆனா அது ஆபீஸுக்கு எழுதுறது, எர்மெலிண்டா."

"முப்பது வருஷத் தாமதத்துக்கு வேற வார்த்தை இருக்கா, மிஸ்?"

நொஹெமி தன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். எர்மெலிண்டா தெரிந்த சொற்களை வைத்து எழுதினாள்: 'நான் கடிதம் பார்க்கவில்லை. நான் கோயிலில் சாப்பாடு செய்தேன். நான் பக்கத்தில் இருந்தேன். மன்னி.' இலக்கணத்தைத் திருத்தட்டுமா என்று மிஸ் கேட்டபோது வேண்டாமென்று தலையாட்டினாள்.

இரண்டு வாரம் கழித்துப் பதில் வந்தது. "இரண்டு மணி வரை காத்திருந்தேன். உங்கள் தப்பு இல்லை என்று இப்போது தெரிகிறது. ஆனால் அந்த மூன்று மணி நேரத்தில் எனக்குள் ஏதோ ஆகிவிட்டது. மறுபடி அப்படிக் காத்திருக்க என்னால் முடியாது. இங்கே அம்மாவுக்கும் உடம்பு மோசமாக இருக்கிறது. முடியும்போது நானே எழுதுகிறேன். ஹெதர்."

"நீ எழுதுக்கா. அவ சும்மா கோவத்துல சொல்லுறா," என்றாள் நொஹெமி.

"பாக்க வான்னா, போகலை. இப்ப அவளா எழுதுற வரைக்கும் பொறுக்கச் சொல்றாடி. அதையாவது குடுக்கிறேன்."

எர்மெலிண்டா எழுதவில்லை. வேலைக்குப் போகுமுன் தினமும் நூலகத்துக்குப் போய், இன்பாக்ஸ், ஸ்பேம் இரண்டு பெட்டிகளையும் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். குளிர்காலம் போனது. நொஹெமி வேறு ஊருக்குப் போய்விட்டாள்.

அடுத்த ஏப்ரலில் மூன்று வரி வந்தது. வளர்த்த அம்மா இறந்துவிட்டார். அவருடைய காகிதங்களைப் பார்த்தேன். என் பிறந்த நாள் என்று இருப்பது யாரோ குத்துமதிப்பாகப் போட்ட தேதியாம். சரியான தேதி உங்களுக்குத் தெரியுமா?

எர்மெலிண்டா அகராதியைத் திறக்காமல் எழுதினாள். 'உன் அம்மா இறந்ததற்கு வருந்துகிறேன். நீ 1980 அக்டோபர் ஒன்பது, வியாழக்கிழமை பிறந்தாய். விடியற்காலை. பெரிய மழை. மருத்துவச்சி நனைந்துகொண்டு வந்தாள். நீ உடனே அழவில்லை, எல்லாரும் பயந்தோம். பிறகு நிறைய அழுதாய்.'

அதற்கு இன்னும் பதில் வரவில்லை.