மாவட்டம் தாண்ட முடியாதவர்களுக்கு ஒரு பல்கலைக்கழகம்

மற்றவர் பிள்ளைக்குப் பல்கலைக்கழகம் தெரிவு செய்து கொடுக்கும் தொழிலில் ஒரு வசதி உண்டு: தெரிவு செய்கிறவன் அங்கே படித்திருக்கத் தேவையில்லை.

நான் ஊரில் பல்கலைக்கழக வாசல்களில் நின்று இடதுசாரிக் கட்சித் துண்டுப்பிரசுரம் கொடுத்தவன். உள்ளே போகப் பார்த்தபோதெல்லாம் காவலாளி கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டான். வரலாறும் பொருளாதாரமும் நான் கற்றது அந்தப் பிரசுரங்களில்தான். அச்சகத்தில் பிழை திருத்தித் திருத்திக் கற்றேன். அதில் எனக்கு வெட்கம் கிடையாது. எண்பத்துமூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு மேற்கு ஜேர்மனிக்கு வந்து, ஹம் நகருக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், ஒரு தேவாலயம் நடத்திய அகதிகள் ஆலோசனை நிலையத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். மனு, வைத்தியர், பாடசாலை என்று தொடங்கிய வேலை, எங்கள் பிள்ளைகள் வளர வளர, எந்த மாநிலத்துப் பல்கலைக்கழகம் நல்லது என்ற கேள்வியில் வந்து நின்றது. இதை வாசிக்கும் உங்களில் பாதிப்பேர் ஏதாவதொரு அரசாங்கக் கந்தோரில் முறை வரும்வரை வாங்கிலில் இருந்து தேய்ந்தவர்கள்தான். ஆகவே அதிகம் விளக்கப் போவதில்லை.

எது முதலாவது?

எங்கள் ஆட்கள் வாயிலிருந்து வரும் முதற்கேள்வி இதுதான். வகுப்பில் முதலாம் பிள்ளை, தீவில் முதலாம் பாடசாலை என்று பழகியவர்கள். ஜேர்மனியரிடம் இந்தக் கேள்விக்கு விடை கிடையாது. நிலையத்தின் பொறுப்பாளர் திருமதி கெல்லர், பொறுமையான பெண்மணி, ஒவ்வொரு முறையும் ஒன்றையே சொல்வார்: எல்லாம் அரசாங்கத்தின் பல்கலைக்கழகங்கள், படிப்புக்குக் கட்டணம் இல்லை, எங்கே வாங்கினாலும் பட்டத்துக்கு ஒரே மதிப்பு, பிள்ளை தனக்குப் பிடித்த ஊரைப் பார்க்கட்டும்.

இதை நான் ஒருநாள் சிவபாதம் அண்ணைக்கு மொழிபெயர்த்தேன். ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். மனைவியோடும் மகள் பவானியோடும் வந்து, அகதி மனுவின் முடிவுக்குக் காத்திருந்தார். என்னைத் 'தோழர்' என்று கூப்பிடுவார். அந்தச் சொல்லில் மரியாதை கொஞ்சம், நக்கல் மிச்சம். திருமதி கெல்லரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என் பக்கம் குனிந்தார்.

"எல்லாம் ஒண்டுதான் எண்டு ஊரிலை மந்திரிமாரும் சொன்னவை, தோழர். மனிசி எதையோ ஒளிக்கிறா. கொஞ்சம் கிண்டிக் கேளுங்கோ."

மேசையில் மூன்று புத்தகம்

பவானி உயர்தரப் பரீட்சையில் கணிதப் பிரிவில் நல்ல பெறுபேறு எடுத்தவள். பொறியியல் பீடம் அவளுக்குக் கிடைக்கவில்லை. எங்கள் மாவட்டத்துக்கு ஓர் உயர்ந்த வெட்டுப்புள்ளி, பின்தங்கிய மாவட்டங்களுக்குக் குறைந்த வெட்டுப்புள்ளி என்ற தரப்படுத்தல் அவளைத் தட்டிவிட்டது. அந்தச் சட்டத்துக்கு எதிராக நான் எழுதி அடித்த பிரசுரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஓர் ஆள் உயரம் வரும். சட்டம் அசையவில்லை என்பது வேறு விஷயம்.

இந்த நாட்டில் எங்கள் சான்றிதழோடு நேரே பல்கலைக்கழகம் போக முடியாது. முதலில் ஒரு வருட ஆயத்த வகுப்பு. எங்கள் மாநிலத்தில் அதற்கு இடம் நிரம்பிவிட்டது. ஆகவே பவானி மாநிலத்துக்கு வெளியே மூன்று பெரிய பல்கலைக்கழகங்களுக்கு எழுதி, அவற்றின் விவரப் புத்தகங்களை வரவழைத்தாள். தெற்கே ஒன்று, வடக்கே ஒன்று, ஹெஸ்ஸன் மாநிலத்தில் ஒன்று. என் மேசையில் அவற்றை விரித்து வைத்துக்கொண்டு தகப்பனும் மகளும் இரண்டு பக்கமும் இருந்தார்கள். நீர்ப் பொறியியல் எங்கே இருக்கிறது, ஆய்வுகூடம் எப்படி, பெரிய விரிவுரையில் விளங்காததை யாரிடம் போய்க் கேட்பது என்று அவள் தேடினாள். எங்கடை ஆக்கள் எத்தனை குடும்பம் பக்கத்தில், பெண்பிள்ளைகள் விடுதி தனியே இருக்கிறதா, விடுதிக் குசினியில் மாட்டிறைச்சி சமைப்பார்களா என்று அவர் கேட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் பக்கம் புரட்டினேன். கடைசியில் அவள் புத்தகத்தை மூடினாள்.

"அண்ணை, நான் படிக்கப் போற இடத்தைக் கேக்கிறன். அப்பா என்னைக் கட்டிக்குடுக்கப் போற இடத்தைக் கேக்கிறார்."

ஆஹென் மாணவர்

பொறியியல் தெரிந்த ஒருவர் சொன்னால் நல்லது என்று திருமதி கெல்லர் ஆஹெனில் இருந்து ஓர் இந்தியத் தமிழ் மாணவரை வரவழைத்தார். ரகுநாதன் என்று பெயர், திருச்சிப் பக்கம். நல்ல பிள்ளை. மூன்று புத்தகங்களையும் கையில் எடுத்ததும் முகம் மலர்ந்துவிட்டது. ஊரைப் பார்க்காதீர்கள், புரொஃபசரைப் பாருங்கள் என்றார். தானே ஓர் இடத்தில் ஒரு செமஸ்டர் இருந்து பார்த்துவிட்டு, பிடிக்காமல் ஆஹெனுக்கு மாறினாராம். பவானியும் மூன்று ஊருக்கும் ரயிலில் போய், வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு எடுக்கட்டும் என்றார்.

பவானி தன் அடையாளத்தாளை எடுத்து அவர் முன் வைத்தாள். மனு முடியும் வரை இந்த மாவட்டத்துக்குள் மட்டும் என்று அதில் அச்சடித்திருந்தது. வெளியே போவதென்றால் காரணம் காட்டி அனுமதி எடுக்க வேண்டும். ரகுநாதன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரே நாடு, ஒரே மொழி பேசும் இரண்டு பேர், ஒரே மேசை. ஒருவருக்கு நாடு முழுவதும் திறந்திருந்தது.

"சார், நிஜமாவா? போன வாரம் போர் அடிக்குதுன்னு நான் சும்மா ம்யூனிக் போயிட்டு வந்தேன் சார்."

பின்தங்கிய மாவட்டம்

ஊரில் ஒரு வழக்கம் இருந்தது, உங்களுக்குத் தெரியும். வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டத்தில் ஓர் உறவினரைக் கண்டுபிடித்து, அவர் வீட்டு விலாசத்தில் பிள்ளையைப் பதிந்து, அந்த மாவட்டத்துப் பிள்ளையாகப் பரீட்சை எழுதவைப்பது. சிவபாதம் அண்ணை மூத்த மகனை இப்படித்தான் வன்னிக்கு அனுப்பிப் பல்கலைக்கழகம் ஏற்றியவர். அதைக் களவென்று எவரும் சொன்னதில்லை. கெட்டித்தனம் என்றார்கள்.

"தோழர், இந்த நாட்டிலை ஆகப் பின்தங்கின மாநிலம் எது?" என்று அவர் என்னிடம் கேட்டபோது நான் சந்தேகப்படவில்லை. முதலாளித்துவத்தின் சமனற்ற வளர்ச்சி பற்றி நெடுநேரம் பேசினேன். அவர் தனக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டார்: இங்கும் பின்தங்கிய இடம் உண்டு, அங்கே ஓர் உறவினர் இருந்தால் போதும். தெற்கே, ஸ்டுட்கார்ட்டுக்கு அப்பால், பவானி எழுதிக் கேட்ட பல்கலைக்கழகம் இருந்த நகரத்திலேயே, அவருடைய ஒன்றுவிட்ட தம்பி உணவகத்தில் வேலை செய்தார். அனுமதி எடுக்காமல் பவானியை ரயிலில் ஏற்றிக்கொண்டு போய், தம்பி வீட்டு விலாசத்தில் அவளைப் பதிந்து, அங்கிருந்தே ஆயத்த வகுப்புக்கு விண்ணப்பித்துவிட்டு வந்தார். பவானி மறுத்திருக்கிறாள். இடம் கிடைத்தால் பிறகு ஒருவரும் கேளார்கள் என்று சொல்லிக் கூட்டிப்போயிருக்கிறார். இடமும் கிடைத்தது. அந்த மகிழ்ச்சியில் கேக் வாங்கிக்கொண்டு அவர் நிலையத்துக்கு வந்த அதே கிழமை, ஒரே பெண்ணுக்கு இரண்டு ஊரில் விலாசம் இருப்பதாக எங்கள் வெளிநாட்டவர் கந்தோருக்குத் தெற்கிலிருந்து தகவல் வந்தது.

இங்கே மாவட்ட வெட்டுப்புள்ளி என்று ஒன்று கிடையாது. அவளுக்குக் கிடைத்த இடம் அவள் பெறுபேற்றுக்குக் கிடைத்தது. எங்கள் விலாசத்தில் இருந்து விண்ணப்பித்திருந்தாலும் கிடைத்திருக்கும். இப்போது அகதி மனுவே ஆபத்தில் நின்றது. திருமதி கெல்லருக்கு ஊர் வழக்கத்தை விளக்கினேன். தரப்படுத்தலையும், என் போராட்டத்தையும் சேர்த்துத்தான் விளக்கினேன். அவர் கேலி செய்யவில்லை. உண்மையாகவே விளங்காமல் கேட்டார்.

"நீங்கள் அந்தச் சட்டத்தை எதிர்த்துத் தெருவில் நின்றபோது, உங்கள் ஆட்கள் பஸ் ஏறி அடுத்த மாவட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்களா?"

விருந்துக்குப் போனவள்

கந்தோரில் எங்கள் கோப்புக்குப் பொறுப்பானவர் ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர். இரண்டாம் உலகப்போர் முடிந்தபோது, ஜேர்மனி இழந்த கிழக்குப் பகுதியிலிருந்து துரத்தப்பட்டு, தாயோடு ஒரு வண்டிலில் வந்தவர் என்று திருமதி கெல்லர் சொல்லியிருந்தார். அதனால் இளகுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அகதியாக இருந்தவன் அகதிக்கு இரங்குவான் என்பது பிரசுரத்தில் எழுதுகிற வசனம். நானே எழுதியிருக்கிறேன்.

இந்தப் பெண் எங்கே வசிக்கிறாள் என்று அவர் கேட்டார். சிவபாதம் அண்ணை என் முழங்கையைத் தட்டி, "சித்தப்பா வீட்டை விருந்துக்குப் போனவள் எண்டு சொல்லுங்கோ" என்றார். நான் வாய் திறக்க முன் பவானி ஜேர்மன் மொழியில் தானே சொல்லிவிட்டாள்: இங்கேதான் வசிக்கிறேன், அங்கே படிக்க விரும்பினேன், பதிந்தது பிழை, அது என் கையெழுத்து. கிழவர் பேனாவை மூடினார். தண்டத்தோடு இதை முடிக்கலாம், மனுவுக்குள் கொண்டுபோகமாட்டேன் என்றார். படிக்கப் போவதற்கு வழி உண்டா என்று திருமதி கெல்லர் கேட்டார். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"அந்த ஊர் இவளை ஏற்கிறோம் என்று எழுதினால் நான் விடுகிறேன். என்னையும் அப்படித்தான் ஊர் ஊராக எழுதி எழுதி அனுப்பினார்கள்."

என் பழைய ஆயுதம்

அன்று வீட்டுக்குப் போய் ஒரு பிரசுரம் எழுதினேன். இருபது வருடப் பழக்கம், கை தானாகவே போகும். படிக்கத் துடிக்கும் ஒரு பெண்ணை மாவட்ட எல்லையில் கட்டிப்போட்டிருக்கிறார்கள் என்று தமிழில் எழுதி, ஜேர்மன் மொழியிலும் போட்டு, அவள் பெயரையும் படத்தையும் மேலே வைத்தேன். சனிக்கிழமைச் சந்தையில் கொடுப்பது என்று திட்டம். நல்ல பிரசுரம். இன்றும் அதில் ஒரு வரி மாற்றமாட்டேன். பவானி நின்றபடியே வாசித்தாள். பிறகு நாலாக மடித்து என் கையிலேயே தந்தாள்.

"வடிவா எழுதியிருக்கிறியள் அண்ணை. ஆனால் என்ரை பேரைப் போடாதேங்கோ. உங்களுக்கு நோட்டீஸ் வேணும், எனக்கு இடம் வேணும்."

நீ விடு, நான் எடுக்கிறேன்

தெற்கு நகரத்துக் கந்தோருக்குத் திருமதி கெல்லர் எழுதினார். உங்கள் ஊர் அவளை முதலில் விடட்டும், பிறகு நாங்கள் ஏற்பது பற்றி யோசிக்கிறோம் என்று பதில் வந்தது. எங்கள் கிழவர், அவர்கள் ஏற்கட்டும் பிறகு விடுகிறேன் என்றார். இரண்டு பேரும் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வீட்டு வாசலிலும் ஆள் நின்று "நீங்கள் முதலில் போங்கள்" என்று மரியாதை காட்டிக்கொண்டிருக்க, மழையில் நிற்கிறவள் நனைந்துகொண்டிருந்தாள். ஆயத்த வகுப்பில் அவளுடைய கதிரையைச் சில நாட்கள் பிடித்து வைத்தார்கள். பிறகு வேறொருவர் அதில் இருந்தார்.

இதைச் சொல்ல நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சிவபாதம் அண்ணை கதிரையை விட்டு எழும்பவில்லை, என்னைத் தோழர் என்று கூப்பிடவும் இல்லை. பவானி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அழுது முடித்த முகம். எதிரே இருந்து, கணக்குக் கேட்பவளைப் போல நிதானமாகக் கேட்டாள்.

"இந்தமுறை பல்கலைக்கழகத்தைப் பார்க்கவேண்டாம் அண்ணை. எந்த ஊர்க் கந்தோர்காரன் கடிதத்துக்குப் பதில் போடுவான் எண்டு மட்டும் பாத்துச் சொல்லுங்கோ."

பெரிய மண்டபம்

அப்படியே பார்த்தோம். ஆய்வுகூடம், விடுதி, புரொஃபசர் எல்லாம் போய்விட்டன. தொலைபேசியை எடுக்கிற எழுத்தர் எங்கே, முன்பு வேறு மாநிலத்து அகதி மாணவரை ஏற்ற ஊர் எது என்று நானும் திருமதி கெல்லரும் ஊர் ஊராக விசாரித்தோம். பவானி மூன்றாவதாக வைத்திருந்த ஹெஸ்ஸன் பல்கலைக்கழகத்தின் ஊர் முதலாவதாக வந்தது. ஆயத்த வகுப்பில் அவளுக்கு இடம் கிடைத்ததும், ஏற்கிறோம் என்று அங்கிருந்து எழுதினார்கள். எங்கள் கிழவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வாசித்த கையோடு முத்திரை குத்தினார். நீர்ப் பொறியியல் அங்கே இல்லை. சாதாரணக் கட்டடப் பொறியியலுக்கு அவள் போனாள். அவள் விரும்பியதில் பாதி என்று சொல்லலாம். பாதி கிடைத்தவர்கள் எங்களில் குறைவு.

ஆயத்த வருடம் முடிந்து, பெரிய மண்டபத்தில் முதல் விரிவுரை நடந்த அன்று நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். தெருவோரத் தொலைபேசிச் சாவடியில் இருந்து பேசினாள், காசு விழுகிற சத்தம் கேட்டது. பாடம் விளங்கியதா என்று கேட்டேன். பாதி விளங்கவில்லை என்றாள். பக்கத்தில் இருந்தவர்கள் பேசினார்களா என்று கேட்டேன். ஒருவரும் பேசவில்லையாம். ஐயோ பாவம், இவ்வளவு பாடுபட்டுப் போய்த் தனித்துவிட்டாளே என்று நான் ஏதோ ஆறுதல் சொல்லத் தொடங்க, அவள் சிரித்தாள்.

"இல்லை அண்ணை, நல்லாயிருந்தது. நூற்றுக்கணக்கான சனம். நான் கதவைத் திறந்துகொண்டு போய் இருந்தனான், நீ ஆர், ஏன் இஞ்சை வந்தனீ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை."

எது பெரிய பல்கலைக்கழகம் என்று கேட்டால் இத்தனை வருடம் ஒப்பிட்ட எனக்கு இன்றும் சொல்லத் தெரியாது; எது நல்ல கந்தோர் என்று தெரியும், ஆனால் அங்கே கூட்டம் கூடி அதுவும் கெட்டுப்போகும் என்பதால் உங்களுக்குக்கூடச் சொல்லமாட்டேன்.