என் கலியாணக் கசெற்றில் சுதன்

ஜெர்மனியில் நான் இருக்கும் ஊரில், ஞாயிற்றுக்கிழமைப் பழைய சாமான் சந்தையில் குடும்பப் படங்களையும் விற்கிறார்கள். தொப்பி போட்ட தாத்தாக்கள், மணப்பெண்கள், தொட்டில் குழந்தைகள் எல்லாம் ஒரு செருப்புப் பெட்டிக்குள் குவிந்து கிடக்கும். "இவர்கள் உங்கள் சொந்தக்காரரா?" என்று விற்கிற மனிதரிடம் ஒருநாள் கேட்டேன். நான் பேரம் பேசுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, "இரண்டு எடுத்தால் ஒன்று சும்மா" என்றார். எனக்கு விசர்க்கோபம் வந்தது. அங்கே மன்னார்ப் பக்கத்து நறுவிலிக்குளத்தில் என் மச்சாள் பரமேஸ் ஒரேயொரு படத்துக்காக நாயாய் அலைகிறாள்.

மச்சாள் என் அண்ணாவின் மனைவி. அண்ணா நோயில் முன்னமே போய்விட்டார். கடைசிச் சண்டையில் ஊர் ஊராய் ஓடியபோது மகன் சுதனும் காணாமல் போனான், படங்கள் வைத்திருந்த பெட்டியும் போனது. மீள்குடியேறி வீடும் கட்டிவிட்டாள். ஆனால் மன்னார் வீதியோரத்தில் மற்றத் தாய்மார் காணாமல் போன தங்கள் பிள்ளைகளின் படங்களைப் பிடித்துக்கொண்டு நிற்க, இவள் மட்டும் பெயர் எழுதிய மட்டையோடு நின்றாள். "முகம் இல்லாத பிள்ளையை ஆரடி தேடுவினம்?" என்று என்னிடம் அழுதாள்.

அப்போதுதான் என் கலியாண வீடியோக் கசெற் ஞாபகம் வந்தது. சமாதான காலத்தில் ஊர்க்கோயிலில் எடுத்தது. என்னோடு விமானம் ஏறியதால் தப்பியது. அதைக் கணினிக்கு மாற்றித் தரும் கடையில் கொடுத்தேன். திரும்பப் போனபோது கடைக்காரர் சந்தோசமாகச் சொன்னார்: "ஒரு பையன் தட்டோடு குறுக்கே நடந்து உங்களை மறைக்கிறான். அந்தத் துண்டை வெட்டிவிட்டேன்." ஐயோ! என் ஜெர்மன் எல்லாம் பறந்துவிட்டது. "அவன்தான் வேணும், அவன்தான்!" என்று தமிழிலேயே கத்தினேன். "மணப்பெண் நீங்கள்தானே?" என்று குழம்பினார் பாவம். நல்லகாலம், வெட்டியது கணினிப் பிரதியில்தான்; கசெற்றுக்கு ஒன்றும் ஆகவில்லை. பூத்தட்டோடு நடக்கிற சுதன் ஒரு கணம் நின்று கமராவைப் பார்த்துச் சிரிக்கிறான்.

முகம் கொஞ்சம் மங்கல். அதைத் தெளிவாக்கித் தரச்சொல்லிக் கனடாவில் இருக்கும் குகன் அண்ணைக்கு அனுப்பினேன். ஊரின் பழைய படங்களைத் தேடி, துடைத்து, முகநூலில் சேர்த்து வைக்கிறவர் அவர். சும்மா சொல்லக்கூடாது, இடிந்த கோயிலையும் பழைய மதகையும் எங்கள் பிள்ளைகள் இன்று பார்க்கிறார்கள் என்றால் அது அவர் தயவுதான். சுதனையும் பளிச்சென்று ஆக்கினார். அதோடு நிற்காமல் மாலை போட்டு, இரண்டு பக்கமும் விளக்கு வைத்து, கீழே 'கண்ணீர் அஞ்சலி' என்று எழுதி எல்லோருக்கும் பகிர்ந்தும் விட்டார்.

காணாமல் போன பிள்ளையின் படத்துக்கு எங்கள் பக்கத்தில் தாய் ஒரு பூக்கூட வைக்கமாட்டாள். வைத்தால் அவன் இல்லையென்று அவளே ஒத்துக்கொண்ட மாதிரி. அடுத்தநாள் விடியவே பக்கத்து ஊர் உயிலங்குளத்துச் சனம் செத்தவீட்டுக்கு வருவதுபோல் மச்சாள் வீட்டுக்கு வந்து, வாசல் படலையிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டது. விளக்குமாறோடு விரட்டினாளாம். பிறகு எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"எங்கையடி கண்டனீங்கள் என்ரை பிள்ளையின்ரை பிணத்தை?"

குகன் அண்ணையோடு சண்டை பிடித்தேன். "மரியாதையாத்தானே தங்கச்சி போட்டனான், எல்லாருக்கும் அப்பிடித்தானே போடுறனான்" என்றார். உடனே அழித்தும் விட்டார். ஆனால் அது அதற்குள் எத்தனையோ கைத்தொலைபேசிகளுக்குப் போய்விட்டது. இன்னும் போய்க்கொண்டிருக்கிறது.

ஒரு கிழமை கழித்து மச்சாள் திரும்ப எடுத்தாள். "அவனைத் தனிய வெட்டாதை. உன்னையும் சேர்த்து அனுப்பு. பக்கத்திலை நீ பட்டுச்சீலையோடை சிரிச்சுக்கொண்டு நிண்டால் அஞ்சலி எண்டு ஒருத்தனும் சொல்லேலாது."

அனுப்பினேன். பெரிதாக அச்சடித்துக்கொண்டு போய் வீதியோரத்தில் நின்றாள். அன்று பின்னேரம் எடுத்தபோது குரல் களைத்திருந்தது.

"போறவாற சனமெல்லாம் உன்ரை கழுத்து மாலையைப் பாத்திட்டு, 'பொம்பிளையை எப்பம்மா துலைச்சனீங்கள்' எண்டு கேக்குதுகள்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள், மச்சாள்?"

"பொடியனைத்தான் தேடுறன், அவ போயிட்டா எண்டு சொன்னனான்."