பையனுக்கு ஒரு சோடா

என் பெரியப்பா பம்பாய் முனிசிபாலிட்டியில் மாதுங்காப் பகுதியின் மெம்பராக இருந்தவர். அவரைப் பற்றிக் கேட்கிறவர்களிடம் அவர் செய்ததையெல்லாம் சொல்லியிருக்கிறேன். நான் செய்ததை இதுவரை சொன்னதில்லை.

யுத்த காலம். அப்போது எல்லோருக்கும் ஓட்டுக் கிடையாது. வரி கட்டுகிறவர்களுக்கும் நல்ல வாடகை கொடுக்கிறவர்களுக்கும்தான். ஆகவே கிங்ஸ் சர்க்கிள் பக்கத்து மாடி வீடுகளில் ஓட்டு இருந்தது, தாராவிக் குடிசைகளில் இல்லை. பெரியப்பாவோ தினமும் காலையில் குடையை எடுத்துக்கொண்டு ரயில் பாதையைத் தாண்டித் தாராவிக்குத்தான் போவார்.

"அண்ணா, ஓட்டுப் போடறவா எல்லாரும் இங்கேன்னா இருக்கா, நீங்க எங்கே போறேள்?" என்று அப்பா கேட்பார்.

"இங்கே இருக்கறவாளுக்குத்தான் குழாய் இருக்கே" என்பார் பெரியப்பா.

தாராவியில் ஒரு சந்து. அங்கிருந்த பெண்கள் தோல் கிடங்குக் குழாயடியில் குடத்தோடு நிற்பார்கள். காவல்காரன் மனம் வைத்தால் தண்ணீர். அந்தச் சந்துக்கு ஒரு குழாய் வாங்கிக் கொடுக்கப் பெரியப்பா பல வருஷம் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். தேர்தலுக்குச் சில வாரங்கள் முன்பு குழாய் வந்தது. திறந்துவைத்த அன்று என்னையும் கூட்டிப் போனார்.

தோல் காயும் வாடைக்கு நான் மூக்கைப் பிடித்துக்கொண்டேன். பெரியப்பா என் கையை எடுத்துவிட்டார்.

எங்களைப் போன்றவர்கள் வந்தால் என்ன கொடுப்பது என்று அந்தச் சந்துக்குத் தெரியும். அவர்கள் வீட்டுத் தண்ணீரை நாங்கள் தொடமாட்டோம். கோலி சோடாவுக்குத் தோஷமில்லை, கம்பெனியில் அடைத்தது. கோலியை உள்ளே தள்ளுவதைக்கூட விருந்தாளியின் கைக்கே விட்டுவிடுவார்கள். தண்ணீருக்காகப் பெரியப்பாவிடம் முதன்முதலில் வந்து நின்ற பெண் இரண்டு சோடாக்களைக் கொண்டுவந்து ஒரு பெட்டிமேல் வைத்தாள்.

"ஒங்க கையாலயே ஒடச்சுக்கோங்கய்யா."

"எனக்குச் சோடா வேண்டாம்மா. குழாய்த் தண்ணி ஒரு தம்ளர் கொடு."

"எங்க தம்ளர்லயாய்யா?"

"பின்னே? கையேந்திக் குடிச்சா வேட்டி நனையும்."

"ஏட்டி, நல்லா வெளக்கிக் குடு. மெம்பருக்கு வகுறு கெட்டுதுன்னா அடுத்த கொழா வராது!" என்று ஒரு கிழவர் கத்த, கூட்டமே சிரித்தது.

பெரியப்பா நின்றபடியே குடித்து முடித்தார். அவள் மறுபடி நிரப்பி என் பக்கம் நீட்டினாள். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். தம்ளர் சிறிது நேரம் அப்படியே நின்றது. பெரியப்பா அதையும் வாங்கிக் குடித்தார். "வெயில் ஜாஸ்தி" என்றார். நான் சோடாவை உடைத்துக் குடித்தேன். நன்றாகவே இருந்தது.

வீட்டு வாசலிலேயே அத்தை பிடித்துக்கொண்டாள். "அங்கே ஏதாவது வாயில விட்டியாடா?"

அவள் என்னை அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. தப்பித்துக்கொள்ள 'சோடா' என்ற ஒரு சொல்லே போதும். ஆனால் நான் எவ்வளவு ஒழுங்கானவன் என்று அவளுக்குத் தெரியவேண்டியிருந்தது.

"நான் சோடாதான் குடிச்சேன். பெரியப்பாதான் அவா தம்ளர்ல தண்ணி குடிச்சார். ரெண்டு தம்ளர்."

இரண்டாவது தம்ளர் யாருக்காக நீட்டப்பட்டது என்பதைச் சொல்லவில்லை.

அத்தை கீழ்வீட்டில் சொன்னாள். அங்கிருந்து அது கோயிலுக்குப் போயிற்று. அன்றிலிருந்து பெரியப்பாவுக்குக் கூடத்தில் தனியாக இலை போட்டார்கள். அங்கே நல்ல காற்று வருகிறது என்றார் அவர். தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் ஓய்வுபெற்ற அதிகாரி. பூங்கா பெஞ்சுகளுக்கெல்லாம் பச்சை வர்ணம் அடிப்பதாக வாக்களித்திருந்தார். ஓட்டுக் கேட்டுப் போன பெரியப்பாவுக்கு ஒவ்வொரு வீட்டிலும் மரியாதையாக நாற்காலி போட்டார்கள். காபி மட்டும் கொடுக்கவில்லை. கொடுத்தால் அந்தத் தம்ளரை என்ன செய்வது?

பெரியப்பா தோற்றார். பெஞ்சுகள் பச்சையாயின.

தோற்ற மறுநாள் காலையும் தாராவிக்காரர்கள் மாடிப்படியில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"பெரியப்பா தோத்துப் போயிட்டார். இப்போ மெம்பர் வேற ஒருத்தர்" என்றேன்.

"அது தெரியும் தம்பி. அய்யாவக் கூப்பிடு" என்றார் அந்தக் கிழவர்.

பெரியப்பா குடையோடு வெளியே வந்தார். அதன்பின் அவர் மெம்பராகவே இல்லை. கால் நடக்கவிட்ட வரை போய்க்கொண்டுதான் இருந்தார். கக்கூஸ், சாக்கடை, சயான் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய குழந்தை என்று அவருக்கு வேலை ஓயவில்லை. தேர்தலில் யார் வாயால் தோற்றார் என்று அவர் விசாரித்ததாக நினைவில்லை.

விடுமுறை நாட்களில் என்னையும் கூட்டிப் போனார். குழாயடியில் அந்தப் பெண் தம்ளரை விளக்கிக்கொண்டு வருவாள். அவள் என்னைப் பார்ப்பதற்கு முன்பே பெரியப்பா சொல்லிவிடுவார்: "பையனுக்கு ஒரு சோடா."

என்மேல் அவருக்கு அவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டு குடித்தேன். அவள் கை இன்னொரு முறை காற்றில் நிற்கக்கூடாது என்றுதான் அவர் முந்திக்கொண்டார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.