கோபுரம் இருக்கு, வண்டி எங்க?

எழுநூறு கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துவிட்டு, வீட்டுக்குப் பக்கத்தில் வந்து கோட்டை விட்டவள் நான். இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் எங்கள் பள்ளியில் யாராவது சொல்லிவிடுவார்கள்.

அது போன வருடப் போட்டி. மதுரையில் விடியற்காலை கிளம்பி ராமேஸ்வரம், தூத்துக்குடி, ராஜபாளையம், தேனி, திண்டுக்கல், நத்தம் என்று ஒரு பெரிய சுற்றுச் சுற்றி, அழகர்கோவில் வழியாக மூன்றாம் நாள் மதியம் ஒரு மணிக்குள் மதுரைக்கே திரும்ப வேண்டும். சாப்பாடு, தூக்கம், பங்க்சர் எல்லாம் அவரவர் பாடு. சாமான்களை வண்டியிலேயே கட்டிக்கொண்டு போக வேண்டும். வெளியாள் உதவி கூடாது. நடத்துகிறவர்கள் சின்னக் குழு. வழியெல்லாம் ஆள் நிறுத்த அவர்களால் முடியாது. அதனால் ஆறு இடங்களில் நாமே படம் எடுத்து வந்து காட்ட வேண்டும். அந்த இடமும் நம் சைக்கிளும் ஒரே படத்தில் தெரிய வேண்டும், தேதி தெரிய வேண்டும், நம்முடைய கேமராவிலேயே எடுத்ததாக இருக்க வேண்டும். அடுத்தவர் போனில் எடுத்தது செல்லாது.

ஐந்து இடங்களில் ஒழுங்காகத்தான் எடுத்தேன். ஆறாவது அழகர்கோவில் ராஜகோபுரம். பதினெட்டாம்படிக் கருப்பசாமி காவல் இருக்கிற வாசல். நாற்பத்து நான்கு வருடம் மதுரையிலேயே வளர்ந்த கால் என்னைக் கேட்காமலே ஷூவைக் கழற்றிவிட்டது. ஷூவையும் சைக்கிளையும் செருப்பு விடும் இடத்தில் விட்டுவிட்டு, வெறுங்காலோடு நடந்து போய்க் கும்பிட்டு, கோபுரத்தை மட்டும் செல்போனில் அழகாக எடுத்துக்கொண்டு, நெற்றி நிறையச் சந்தனத்தோடு மதுரைக்கு வந்து சேர்ந்தேன். நேரம் நாற்பது நிமிடம் மிச்சம் இருந்தது.

போட்டியை நடத்தும் பையனுக்கு முப்பது வயதிருக்கும். நல்ல பிள்ளை. என் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மேடம், கோபுரம் இருக்கு. வண்டி எங்க?"

"செருப்பு விடுற இடத்துல இருந்துச்சு தம்பி."

"அங்க ஏன் விட்டீங்க?"

"சாமி முன்னாடி எப்படிப்பா வண்டியக் கொண்டுபோயி நிறுத்துறது?"

அவனுக்கும் சங்கடம்தான். ஆனால் விதி விதிதானே. பட்டியலில் என் பெயருக்கு எதிரே 'நிறைவு செய்யவில்லை' என்று போட்டுவிட்டார்கள்.

நான் பெண்கள் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். விடை சரியாக இருந்தாலும் ஸ்டெப்ஸ் எழுதாவிட்டால் மார்க் கிடையாது என்று இருபது வருடமாகச் சொல்லி வருகிறவள். விஷயம் எப்படியோ வகுப்புக்குத் தெரிந்துவிட்டது. திங்கட்கிழமை கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது. "மிஸ், விடை சரி. ஸ்டெப்ஸ் இல்ல." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரித்தேனே தவிர, வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பார்க்கிறவர்கள் எல்லோரும் படம் இருக்கிறதா என்றுதான் கேட்டார்கள். அந்தப் பட்டியலில் என் பெயர் சரியாக வந்தாக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஆகவே இந்த வருடம் காலுக்குப் பயிற்சி பாதி, கேமராவுக்கு ஆராய்ச்சி பாதி என்று ஆனது. செல்போனை நம்புவதில்லை என்று முதலிலேயே வைத்துக்கொண்டேன். வியர்த்த விரலால் தடவினால் அது அசையாது. போதாததற்கு வழி காட்டியே அதன் உயிர் போய்விடுகிறது.

முதலில் ஹேண்டில்பாரில் மாட்டும் வீடியோ கேமரா ஒன்றைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினேன். ஒரு சனிக்கிழமை காலை அதை மாட்டிக்கொண்டு அலங்காநல்லூர் வரை போய்த் திரும்பி, வீட்டுக்காரரோடு உட்கார்ந்து டிவியில் போட்டுப் பார்த்தேன். வயல் வந்தது, வாடிவாசல் வந்தது, கட்டிப்போட்ட காளைகள் வந்தன. ஒரு மினிபஸ் என்னை உரசிக்கொண்டு போனதும் வந்தது. அதற்குப் பிறகு நான் அந்த டிரைவரைப் பற்றிப் பேசியது முழுசாக, தெளிவாக, கால் கிலோமீட்டர் தூரத்துக்கு வந்தது. வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"கணக்கு டீச்சருக்கு இம்புட்டுத் தமிழ் வருமா?" என்றார்.

அந்தக் கேமரா அன்றைக்கே பக்கத்து வீட்டுக்குத் திரும்பிப் போனது. அந்தப் பகுதியை அழித்துவிட்டுத்தான் கொடுத்தேன்.

அடுத்து என் கொழுந்தன் அவருடைய பெரிய கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தார். படம் என்னவோ கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல விழுந்தது. கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, எங்கள் வில்லாபுரம் தெருவில் வந்த காய்கறித் தள்ளுவண்டியை நிறுத்தி, தராசில் வைக்கச் சொன்னேன். காய்க்கார அம்மா வைத்துப் பார்த்தார். "ஒண்ணே முக்கால் கிலோ இருக்குக்கா. கத்தரிக்காயா இருந்தா ரெண்டு வீட்டுக்கு ஆகும்." எழுநூறு கிலோமீட்டருக்கு ரெண்டு வீட்டுக் கத்தரிக்காயைச் சுமக்க நான் தயாராக இல்லை.

கடைசியில் டவுன்ஹால் ரோட்டில் ஒரு பழைய கேமராக் கடையில் எனக்கானது கிடைத்தது. சோப்புக்கட்டி அளவுதான். ஈரக் கையோடு அமுக்கினாலும் டிக்கென்று விழுகிற நிஜமான பொத்தான். எடுக்கும் படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழும். எல்லாவற்றுக்கும் மேலாக, பென்சில் செல் இரண்டு போட்டால் ஓடும். பென்சில் செல் கிடைக்காத பெட்டிக்கடை தமிழ்நாட்டில் இல்லை.

"இத இப்ப யாரும் கேக்குறதில்லயேக்கா" என்றார் கடைக்காரர். தேதியை அவரே வைத்துக் கொடுத்தார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. செல்லு மாத்துனா தேதி அழிஞ்சு போயிரும். திரும்ப வைக்கணும்."

"சரிண்ணே" என்றேன். என் மாணவிகள் என்னிடம் சொல்கிற அதே சரி.

மற்ற சாமான்கள் என் வீட்டுக்காரர் பொறுப்பு. அவர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். எந்தப் பொருளைப் பார்த்தாலும் "எதுக்கும் இருக்கட்டும்" என்பார். ஹால் நடுவில் அவர் குவித்து வைத்திருந்ததைப் பார்த்தால் நான் காசிக்குப் போய் அங்கேயே இருந்துவிடப் போகிறேன் என்று தோன்றும். டியூப் நான்கு, பவர்பேங்க் இரண்டு, போர்வை, தைலம், டார்ச், டார்ச்சுக்கு ஒரு டார்ச். அவர் வைக்க வைக்க நான் எடுத்தேன். டூத் பிரஷ்ஷைப் பாதியாக அறுத்தேன். சோப்பைக் கால்வாசியாக வெட்டினேன். பவர்பேங்க் ஒன்று போதும் என்றேன். கடைசியாக அவர் என் வெள்ளெழுத்துக் கண்ணாடியைப் பைக்குள் செருகினார்.

"சைக்கிள் ஓட்டும்போது நான் என்ன பேப்பரா படிக்கப் போறேன்?" என்று அதையும் எடுத்து டிவி மேல் வைத்தேன்.

"எதுக்கும் இருக்கட்டும்" என்றார்.

"வேணாம்" என்றேன்.

மாசி மாதம் போட்டி. பாம்பனில் பக்கவாட்டுக் காற்று என்னை ரோட்டை விட்டே தள்ளப் பார்த்தது. ராஜபாளையத்துக்கு முன்னால் ஒரு பங்க்சர். மற்றபடி கால் நன்றாக வேலை செய்தது. ஐந்து இடங்களிலும் வண்டியைக் கல்யாணப் பெண் மாதிரி நடுவில் நிறுத்தி, முன்சக்கரம் முதல் பின்சக்கரம் வரை தெரிய எடுத்தேன். திண்டுக்கல்லில் செல்போனும் பவர்பேங்கும் சேர்ந்தே படுத்துவிட்டன. கவலைப்படவில்லை. அங்கிருந்து எனக்கு வழி தெரியும். நத்தத்தில் கேமராவுக்கும் செல் தீர்ந்தது. பெட்டிக்கடையில் இரண்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டு மிதித்தேன்.

அழகர்கோவில் போய்ச் சேரும்போது மணி பதினொன்றே கால். மதுரைக்கு ஒரு மணி நேர ஓட்டம் போதும். இந்த முறை ஷூவைக் கழற்றவில்லை. மன்னிச்சுக்க கருப்பா என்று மனதுக்குள் சொல்லிவிட்டு, கோபுரம் தெரிகிற மாதிரித் தள்ளி ஒரு மரத்தடியில் வண்டியைச் சாய்த்து, பொத்தானை அமுக்கினேன். திரையில் கோபுரம் இருந்தது, வண்டியும் இருந்தது. மூலையில் ஆரஞ்சு எழுத்து ஒரு புழு நெளிகிற மாதிரி தெரிந்ததே தவிர, என்னவென்று படிக்க முடியவில்லை.

அப்போதுதான் டவுன்ஹால் ரோட்டுக் கடைக்காரர் சொன்னது ஞாபகம் வந்தது.

மரத்தடியில் ஒரு காதணி விழாக் குடும்பம் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்திருந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தையை மடியில் வைத்திருந்த பெண்ணிடம் கேமராவை நீட்டினேன். "இதுல என்ன தேதி போட்டுருக்குன்னு கொஞ்சம் பாரும்மா."

"ஒண்ணாந்தேதி, ஒண்ணாம் மாசம், ரெண்டாயிரத்து எட்டுன்னு இருக்குக்கா."

இன்றைய தேதியை வைத்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். அந்தப் பெண்ணும் பொத்தான்களை அமுக்கிப் பார்த்தாள். "எத அமுக்குனாலும் பூ படந்தேன் வருதுக்கா" என்றாள். நான் வாங்கி அமுக்கினேன். எனக்குப் பூவும் தெரியவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். என் கண்ணாடி வில்லாபுரத்தில் டிவி மேல் சொகுசாக இருந்தது.

சரிகை வேட்டி கட்டிய ஒருவர் எழுந்து வந்தார். குழந்தைக்குத் தாய்மாமன். என்ன ஏது என்று கேட்டார். போன வருடக் கதையிலிருந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். முழுசாகக் கேட்டார்.

"தேதி தெரியணும். அம்புட்டுத்தானே?" என்றார். பின்னால் இரண்டு மரத்துக்கு நடுவே கட்டியிருந்த பிளக்ஸைக் காட்டினார். காதணி விழா என்று போட்டு, குழந்தையின் முகத்தைவிடப் பெரிதாக அன்றைய தேதி இருந்தது. தேதியைவிடப் பெரிதாகத் தாய்மாமன் இருந்தார். அந்த எழுத்து எனக்கே கண்ணாடி இல்லாமல் தெரிந்தது.

"மாப்ள, அந்தப் பிளக்ஸ அவுத்து இங்கிட்டுத் தூக்கிட்டு வாங்க" என்று குரல் கொடுத்தார்.

இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து கோபுரத்துக்கு இந்தப் பக்கம் பிடித்தார்கள். அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் விசேஷ வீட்டில் ஒருவர் படம் எடுத்தால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? "டீச்சரக்கா போட்டோ எடுக்குறாக, எல்லாரும் வாங்க" என்று யாரோ சொல்ல, அத்தை, சித்தி, மச்சான், பந்தியில் பாதி சாப்பிட்டவர்கள் என்று முப்பது பேர் வந்து நின்றுவிட்டார்கள். பட்டுச் சேலைகளுக்குப் பின்னால் என் சைக்கிள் காணாமல் போனது.

எனக்கு வகுப்பறைக் குரல் வந்துவிட்டது. "யாரும் வண்டிய மறைக்கக் கூடாது. முன்னாடி இருக்கவங்க உக்காருங்க. நீங்க, அந்த ஓரம், தள்ளுங்க."

தள்ளினார்கள். தாய்மாமன் குழந்தையைத் தூக்கி சைக்கிள் சீட்டிலேயே உட்கார வைத்துப் பிடித்துக்கொண்டார். அது வீறிட்டு அழுதது. எடுத்தேன்.

சாப்பிடாமல் போகக் கூடாது என்றார்கள். நேரம் இல்லை என்று கையெடுத்துக் கும்பிட்டேன். கிளம்புகிற நேரத்தில் தாம்பூலப் பையை ஹேண்டில்பாரில் மாட்டிவிட்டார்கள். உள்ளே முழுத் தேங்காய். பிரஷ்ஷைப் பாதியாக அறுத்தவள் கடைசி இருபது கிலோமீட்டர் தேங்காய் சுமந்துகொண்டு போனேன்.

பன்னிரண்டு ஐம்பதுக்குப் போய் இறங்கினேன். வீட்டுக்காரர் நின்றிருந்தார். அதே பையன் கேமராவை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினான்.

"மேடம், கோபுரம் இருக்கு. பிளக்ஸ்ல தேதி இருக்கு. வண்டி எங்க?"

"பிள்ளைக்குக் கீழ பாரு தம்பி" என்றேன்.

பார்த்தான். முன்சக்கரம், நீலப் பை, ஹேண்டில்பார் எல்லாம் இருந்தன. குழுவில் இருந்த மற்ற இருவரையும் கூப்பிட்டான். மூன்று பேரும் தலையைச் சேர்த்து வைத்துப் பேசினார்கள். நான் தேங்காயைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

"வெளியாள் உதவி கூடாதுன்னு விதி இருக்கே மேடம்" என்றான்.

"தாய்மாமனப் போயி வெளியாளுன்னு மதுரையில நின்னு சொல்லுவியா தம்பி?"

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். என் பெயருக்கு எதிரே 'நிறைவு செய்தார்' என்று அவன் எழுதுவதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். எழுத்து எனக்கு மங்கலாகத்தான் தெரிந்தது. வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து என் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார். போட்டுக்கொண்டு இன்னொரு தரம் படித்தேன்.

பிளக்ஸில் இருந்த நம்பருக்குப் படத்தை அனுப்பிவிட்டேன். வகுப்பிலும் காட்டினேன். "மிஸ், இதுல ஸ்டெப்ஸ் கொஞ்சம் அதிகமாவே இருக்கு" என்றது அதே பின் பெஞ்சு.

போன வருடப் பட்டியல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. அது தப்பில்லை. நானாக இருந்தாலும் கழித்திருப்பேன். ஆனால் இப்போதெல்லாம் விடைத்தாள் திருத்தும்போது ஸ்டெப்ஸ் இல்லாமல் விடை மட்டும் சரியாக நின்றால், சிவப்புப் பேனாவை மூடிவிட்டு அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, "நீயே போட்டதா?" என்று கேட்கிறேன். போன வருடம் என்னிடம் ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. "ஆமா மிஸ்" என்று அவள் சொன்னால் நம்பிவிடுகிறேன். மார்க்கைக் கழிக்கத்தான் செய்கிறேன். நம்பிவிட்டுக் கழிக்கிறேன்.