பான்யென் காதில் விழுந்த ஓதல்

இல்லை இல்லை, பேய்ப் படத்துக்கு மட்டும் இல்லை. சமையல் நிகழ்ச்சிக்குக்கூட வித்தூன் இசை போட்டுக் கொடுத்திருக்கிறான். கண்ணை மூடி உட்காருவதற்கு என்று வெளிநாட்டுக்காரர்கள் கேட்கிறார்களே, அதுவும் செய்வான். பிக்குகள் ஓதுவதைப் பதிவு செய்துகொண்டு வந்து இழுத்து நீட்டுவான். அடியில் 'ம்ம்ம்' என்று ஒரு முழக்கம், எப்போதாவது ஒரு மணி, கொஞ்சம் பிங் ஆற்றுத் தண்ணீர். அவ்வளவுதான் அவன் தொழில். சியாங்மாயில் எங்கள் சந்தில் அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு குட்டைச் சுவர்.

நாய் குரைப்பு, இருமல், தட்டுச் சத்தம் எல்லாவற்றையும் பதிவிலிருந்து எடுத்துவிடுவான். அவன் மனைவி பான்யென் அதற்கு வைத்த பெயர் கழுவுவது. சுவருக்கு மேல் தலையை நீட்டுவாள்.

"அண்ணே, வண்டியை இப்ப எடுக்காதீங்க. எங்க வீட்டு ஐயா சத்தம் கழுவுறாரு. தட்டு கழுவச் சொன்னாத்தான் அவருக்குக் கை வலிக்கும்."

போன மாதம் எனக்குப் பேத்தி பிறந்தாள். கண் படாமல் இருக்கட்டும் என்று பன்னிக்குட்டி என்றுதான் கூப்பிடுகிறோம். மூக்கு அப்படியே என் மூக்கு. அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல முதலில் பான்யெனிடம் ஓடினேன். அவள் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஈரலில் கட்டி. நான் ஆள் ஏற்றி ஓட்டுகிற சிவப்பு வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

மருந்து ஏற்றினால் கொஞ்ச காலம் தள்ளலாம் என்றார் டாக்டர். அவளும் சரி என்றாள். அந்த வார்டில் ஒரு டிவி உண்டு. நோயாளிகள் மனசு அமைதியாக இருக்கட்டும் என்று அருவியும் தாமரையுமாக ஏதாவது ஓடும். நான் பார்க்கப் போன அன்று அதில் ஓதல் கேட்டது, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல. முதலில் எனக்குப் பிடிபடவில்லை. பான்யென் கஞ்சிக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இது பொணத்துக்கு ஓதுறது."

பக்கத்துக் கட்டில் கிழவி போர்வையால் காதை மூடிக்கொண்டாள். நர்ஸ் ஓடிவந்து டிவியை அணைத்தாள். வித்தூன் முகத்தில் ரத்தமே இல்லை.

அது அவன் செய்ததுதான். சாவு நடந்த வீட்டில் நான்கு பிக்குகள் முகத்துக்கு முன்னால் விசிறியைப் பிடித்துக்கொண்டு ஓதுவார்களே, அது. ஒரு படத்தில் சாவுக் காட்சிக்கு என்று கேட்டார்கள், கொடுத்தான். படக் கம்பெனி அதை யாருக்கோ விற்றது. வாங்கியவன் அருவிக்கு அடியில் ஒட்டிவிட்டான். அர்த்தம் தெரியாதவர்களுக்கு அது அமைதி. எங்களுக்கு அப்படியா?

"எனக்கு ஓதியாச்சு," என்றாள் பான்யென். "அப்புறம் எதுக்கு மருந்து? எதுக்குக் கஞ்சி?"

கஞ்சிக்கு வாயை மூடியவள் மூடியவள்தான். ஊசிக்குக் கை நீட்டவில்லை. வீட்டுக்குப் போகணும் என்று ஒரே பிடிவாதம். நான்தான் திரும்பக் கொண்டுவந்தேன்.

வித்தூன் அவளுக்காக நல்வாழ்த்து ஓதலை வைத்து ஒன்று செய்து போட்டுக் காட்டினான். "அதே மணி, அதே தண்ணி," என்று அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்று மாலை அவன் என் வீட்டுக்கு வந்தான். மடியில் பேத்தியோடு உட்கார்ந்திருந்தேன்.

"அண்ணே, ஆஸ்பத்திரி டிவியில வந்தது எங்கம்மாவுக்கு ஓதினது. அம்மா செத்தப்ப மைக்கை ஒளிச்சு வச்சுப் பதிவு பண்ணினேன். பான்யெனுக்கே தெரியாது. பெத்தவ சாவை வித்தவன்னு சொல்லுவா."

"சொன்னா வாங்கிக்கடா. பட்டினியா கிடக்கிறாளே, அது பரவாயில்லையா?"

அம்மா சாவன்று எடுத்த, கழுவாத பழைய பதிவு அவனிடம் இருந்தது. அவள் தலைமாட்டில் வைத்து ஓட விட்டான். நான் வாசல்படியில் நின்றேன். நாய்ச் சண்டை. யாரோ செருப்பைத் தேய்த்து நடக்கிறார்கள். ஓதலுக்கு நடுவே ஒரு பெண் குரல்: "இன்னும் யாரு கஞ்சி சாப்பிடலை? வித்தூனைப் பார்த்தீங்களா? காலையிலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கலை அந்த ஆளு."

பான்யென் கண்ணைத் திறந்தாள்.

"நானா அது?"

"நீதான். இது அம்மாவுக்கு ஓதினது, உனக்கில்லை. நீ அங்க கஞ்சி ஊத்திக்கிட்டிருக்கே பாரு."

அவள் மெல்ல அவன் பக்கம் திரும்பினாள்.

"அம்மாவை வித்துட்டீங்க."

"ஆமா."

"என்னைக் கழுவி ஊத்திட்டீங்க."

அவன் அழுதான். அவள் எழுந்து உட்கார்ந்து, "சரி, கஞ்சி இருக்கா?" என்றாள்.

மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். இனி மருந்தை அந்த உடம்பு தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது வீட்டில்தான் கிடக்கிறாள். ஒரு வாய் கஞ்சி குடிக்கிறாள், சில நாள் அதுவும் இல்லை. வித்தூன் வேலைக்கு வரும் அழைப்புகளை எடுப்பதில்லை. அவள் தூங்கட்டும் என்று, பேத்தி சிணுங்கினாலே நாங்கள் ஜன்னலைச் சாத்திவிடுவோம்.

இன்று காலையும் பன்னிக்குட்டி வீறிட்டாள், நான் ஓடிப்போய்ச் சாத்தினேன். பான்யென் தலையை நீட்டுகிற அதே இடத்தில், சுவருக்கு மேல் வித்தூன் தலை தெரிந்தது.

"ஜன்னலைத் திறங்கண்ணே. பாப்பா அழட்டும். அவ கேட்டுக்கிட்டிருக்கா."